மூன்றாம் முறை கேட்காதவர்கள்

டார்லா டாலெஃப்சன் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தது சம்பளத்துக்காக அல்ல. சம்பளத்தில் முக்கால்வாசி அவள் கைக்கு வருவதற்கு முன்பே மெடிக்கல் இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போய்விடும். மிச்சம் வருவது வண்டிக்குப் பெட்ரோல் போடச் சரியாக இருக்கும். ஆனாலும் போனாள். அவள் புருஷன் லைல் விவசாயி. விவசாயிக்கு யார் கூப்பிட்டு இன்சூரன்ஸ் தருகிறார்கள்? மினசோட்டாவின் மேற்கு ஓரத்தில், வெர்டால் என்ற ஊரைச் சுற்றியிருக்கிற பண்ணை வீடுகளில் பாதிக்கு இதே கதைதான். புருஷன் மக்காச்சோளமும் சோயாவும் போடுவான். பெண்டாட்டி பள்ளிக்கூடத்திலோ முதியோர் இல்லத்திலோ நாளெல்லாம் நின்று, பர்ஸுக்குள் அடங்குகிற அந்த ஒரு இன்சூரன்ஸ் அட்டையைச் சம்பாதித்து வருவாள்.

அந்த அட்டைக்காக டார்லா வருஷக்கணக்கில் சிமெண்டுத் தரையில் நின்றிருக்கிறாள். ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் மக்ரோனி கிளறியிருக்கிறாள். அவள் வாய்க்கு ஊரே பயப்படும். பழைய ரொட்டியைத் தள்ளிவிடப் பார்த்த டிரைவரை வாசலோடு திருப்பி அனுப்பியவள். பரிமாறுகிற பெண்ணுக்கு லீவு தர மறுத்த ஹெட்மாஸ்டரை அவர் அறைக்கே போய் ஒரு பிடி பிடித்தவள். யாருக்காக வேண்டுமானாலும் சண்டைக்குப் போவாள்.

லைல் நேர் எதிர். அவனுக்குத் தெரிந்த பதில் ஒன்றே ஒன்று. ஆலங்கட்டி மழையில் பயிர் படுத்த வருஷமும் அதைத்தான் சொன்னான், அவன் அம்மா செத்த அன்றைக்கும் அதைத்தான் சொன்னான். “பரவாயில்ல. குறை சொல்றதுக்கு ஒண்ணுமில்ல.” அந்த ஊரில் எல்லாருமே அப்படித்தான் என்றாலும், லைல் அதில் ஒரு படி மேலே.

ஏப்ரலில் விதை மூட்டையைத் தூக்கும்போது அவன் இடுப்பில் ஏதோ கடக்கென்றது. வீட்டுக்கு வந்து சொன்னானா என்றால், இல்லை. சில நாள் கழித்து, அவன் படுக்கைக்கு வராமல் சாய்வு நாற்காலியிலேயே தூங்குவதைப் பார்த்து அவளே கண்டுபிடித்தாள். கையைப் பிடிக்காத குறையாக டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடி கேள்வி கேட்டார், கம்ப்யூட்டரைப் பார்த்தபடி பதில் எழுதினார், பத்தே நிமிஷத்தில் பிசியோதெரபிக்கு அனுப்பிவைத்தார். பக்கத்து டவுன் ஆஸ்பத்திரியில் அது நடந்தது. கொஞ்சம் குணம் தெரிந்தது, ஆனால் கொஞ்சம்தான். இத்தனை தடவைதான் என்று இன்சூரன்ஸ் ஒரு கணக்கு வைத்திருந்தது. அதற்கு மேல் வேண்டுமென்றால் கம்பெனி நர்ஸ் போன் பண்ணி விசாரிப்பாளாம்.

டார்லாவுக்கு வேறெந்தக் கவலையும் இல்லை, அறுவடைதான் கவலை. அறுப்பு மெஷினுக்கு ஒரு இரும்பு ஏணி உண்டு. ஒவ்வொரு படியும் முழங்கால் உயரம். ஜூலையில் லைலால் முதல் படிக்கே காலைத் தூக்க முடியவில்லை. செப்டம்பர் கடைசிக்குள் அவன் அந்த ஏணியில் ஏறியாக வேண்டும். இல்லாவிட்டால் கூலிக்கு ஆள் வைத்து அறுக்க வேண்டும். அப்படி அறுத்தால் அந்த வருஷத்து உழைப்பில் மிஞ்சுவது ஒன்றுமில்லை.

அதனால் நர்ஸ் கூப்பிடுவதற்கு முந்தின ராத்திரி, சாப்பாட்டு மேஜையில் உட்கார வைத்து அவனுக்குப் பாடம் நடத்தினாள்.

“நாளைக்கு அவ கேப்பா. பத்துல எத்தனை வலின்னு கேப்பா. என்ன சொல்லுவ?”

லைல் நிதானமாக யோசித்தான். “மூணு?”

“மூணா? காலைல சாக்ஸ் போட முடியாம கட்டில் ஓரத்துல முழிச்சிட்டு உக்காந்திருந்தியே, அதுக்குப் பேரு மூணா?”

“எங்க அப்பா கை மெஷின்ல மாட்டிச்சு பாரு, அது பத்து. அதை வச்சுப் பாத்தா…”

“உங்க அப்பா கைய யாரும் கேக்கல. ஏழுன்னு சொல்லு. எங்க, வாயத் திறந்து சொல்லு பாப்போம்.”

“ஏழு,” என்றான் லைல், அவள் திருப்திக்காக.

“இன்னும் பிசியோ வேணுமான்னு கேட்டா?”

“வேணும்.”

“அவ்வளவுதான். இதுக்கு மேல ஒரு வார்த்தை பேசாத. போனை வச்சிரு.”

மறுநாள், கோடை லீவில் வருகிற பிள்ளைகளுக்கான மதியச் சாப்பாட்டு வேலை முடிந்து அவள் வரும்போது லைல் வாசல் பக்கத்துப் பந்தலில் நின்றபடியே வெள்ளரிக்காய் பறித்துக்கொண்டிருந்தான். முகத்தில் ஒரு தெளிவு. அதைப் பார்த்ததுமே டார்லா பையோடு நேரே அவனிடம் போனாள்.

“போன் வந்துச்சா?”

“வந்துச்சு. ரொம்ப நல்ல பொண்ணு. அவ அண்ணன் அயோவால மக்காச்சோளம் போட்டிருக்கானாம். அங்க மழை தப்பிடுச்சாம், பாவம்.”

“மழைய விடு. வலியக் கேட்டாளா?”

“எப்படி இருக்கீங்கன்னு கேட்டா. பரவாயில்ல, குறை சொல்றதுக்கு ஒண்ணுமில்லன்னேன்.”

“எத்தனைன்னு கேக்கல?”

“கேட்டா. அது பாட்டுக்கு ஏறும் எறங்கும்னேன்.”

டார்லா கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள். “பிசியோ வேணுமான்னு கேட்டாளா, அதச் சொல்லு.”

“கேட்டா. உங்களுக்கு எதுக்கு சிரமம், வேணாம்னேன்.”

“வேணாம்னா சொன்ன?”

“முதல் தடவைதானே கேட்டா?” என்றான் லைல். அவன் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. “மறுபடி கேப்பான்னு பாத்தேன். கேக்கவே இல்ல. சரிங்க சார், சந்தோஷம்னு வச்சிட்டா. அவங்க வீட்ல எப்படித்தான் வளத்தாங்களோ.”

டார்லா தலையில் அடித்துக்கொண்டாள். பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே உள்ளங்கையால் நெற்றியில் ஒரு அடி. ஏனென்றால் அவன் சொன்னது அவளுக்கு நன்றாகப் புரிந்தது, அதுதான் கொடுமை. வெர்டாலில் யாரும் முதல் தடவையிலேயே எதையும் வாங்கிக்கொள்ள மாட்டார்கள். காபி வேணுமா என்றால், இல்லை வேணாம் என்பார்கள். கொஞ்சமாவது என்றால், உங்களுக்கு எதுக்கு சிரமம் என்பார்கள். மூன்றாம் முறை கேட்டால்தான், சரி அரை கப் என்று சொல்லி, முழுசாக நிரம்பும் வரை கப்பை நீட்டிக்கொண்டிருப்பார்கள். மூன்றாம் முறை கேட்காதவர்களைப் பற்றி வீட்டுக்குப் போய்ப் பேசுவார்கள். இன்சூரன்ஸ் கம்பெனி ஒரே ஒரு முறைதான் கேட்கும். பெரிய கம்பெனி, கண்ணாடிக் கட்டடம், ஆனால் மனுஷரிடம் இரண்டாம் முறை கேட்கத் தெரியாது.

நோயாளிக்குக் குணமாகிவிட்டது, மேற்கொண்டு சிகிச்சை தேவையில்லை என்று பதில் வந்தது.

டார்லா விடுகிறவளா? மதியச் சாப்பாட்டு வேலை ஓய்ந்ததும் பாத்திரம் கழுவும் இடத்தில் நின்றபடி கம்பெனிக்குப் போன் போட்டாள். மணிக்கணக்கில் பாட்டுக் கேட்க வைத்தார்கள். கடைசியில் ஒரு பையன் எடுத்தான்.

“என் புருஷனுக்குக் குணமாகல தம்பி. இடுப்பு வளையல. ஏணி ஏற முடியல. ராத்திரி தூக்கம் கிடையாது. பத்துல ஏழு. நான் சொல்றேன், எழுதிக்கோ.”

“சாரி மேடம். பேஷண்ட்தான் சொல்லணும்.”

“பேஷண்ட் சொல்ல மாட்டாரு. அவர் வாயில அந்த வார்த்தை வராது.”

“பேச்சு வராதா மேடம்? அப்படின்னா அதுக்குத் தனியா ஒரு ஃபார்ம் இருக்கு.”

“பேச்சு நல்லா வரும். மழையப் பத்திக் கேளு, நாள் பூரா பேசுவாரு. வலிக்குதுன்னு சொல்ல வராது. இத்தனை வருஷமா அவர் பக்கத்துல படுத்து எந்திரிக்கிறவ சொல்றேன். எனக்குத் தெரியாத வலி உங்களுக்குத் தெரிஞ்சிருமா?”

“புரியுது மேடம். ஆனா பேஷண்ட்தான் சொல்லணும். மறுபரிசீலனைக்குப் போடறேன். சில வாரம் ஆகும், அவங்களே கூப்பிடுவாங்க. உங்களுக்கு வேற எதாவது உதவி வேணுமா மேடம்?”

“இல்ல, வேணாம்,” என்று சொல்லிப் போனை வைத்தாள். நின்றுகொண்டே பேசியதில் இரண்டு முழங்காலும் விண்விண்ணென்று தெறித்தன. சிங்க்கைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, மறுநாளைக்கு உருளைக்கிழங்கை எடுத்து வைக்கப் போனாள்.

ஊரில் பழைய வீடியோ கடை இருந்த இடத்தில் மாரித் ஓயென் என்ற பெண் ஒரு சிகிச்சை அறை வைத்திருந்தாள். இந்த ஊரில் பிறந்தவள், பெரிய ஆஸ்பத்திரியில் பிசியோவாக இருந்தவள். ஆளுக்குக் கால் மணி, அதில் பாதி இன்சூரன்ஸுக்கு எழுதுவதில் போகிறது என்று வேலையை விட்டு வந்துவிட்டாள். இங்கே ஆளுக்கு ஒரு மணி நேரம். இன்சூரன்ஸ் அட்டையை நீட்டினால் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்துவிடுவாள். ரொக்கம் அல்லது செக். சாப்பாடு, தூக்கம், நடை எல்லாவற்றையும் கேட்பாள் என்றும், நோய் வருமுன்னே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பேசுவாள் என்றும் ஊரில் சொன்னார்கள்.

சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைக் காபி நேரத்தில் அவளைக் கிண்டலடிக்காத ஆள் இல்லை. பக்கத்துப் பண்ணை ஆர்லென் சொன்னான், “காச வாங்கிட்டு, நாற்காலில உக்காரு, எந்திரின்னு சொல்றாளாம். அத நான் வீட்ல சும்மாவே பண்றேன்.”

லைலுக்கும் அதே எண்ணம்தான். “இன்சூரன்ஸுக்குத்தான் உன் சம்பளம் பூரா போகுதே. ஒரே இடுப்புக்கு எத்தனை பேருக்குக் காசு குடுக்கறது?”

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. நியாயம் இருந்ததால் டார்லாவுக்கு எரிச்சல் இன்னும் ஏறியது. “அந்த அட்டைய ஏணி மேல வச்சா அது ஏறிப் போயி அறுத்துட்டு வருமா? வராதில்ல? கார்ல ஏறு.”

பணம் அவளுடையது. கிறிஸ்துமஸுக்கு உருளைக்கிழங்கில் லெஃப்ஸ ரொட்டி சுட்டு விற்றுச் சேர்த்தது. அக்காவோடு வடக்கே பெரிய ஏரிக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும் என்று வைத்திருந்தாள். ஒருத்தர் சிகிச்சைக்கென்றால் அந்தப் பணம் அறுவடை முடியும் வரை வரும். இன்னொருத்தருக்கு வராது. அப்படி ஒரு இன்னொருத்தர் இருப்பதாகவே அவள் நினைக்கவில்லை.

மாரித் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. “பூட்ஸக் கழட்டுங்க லைல்,” என்றாள்.

“இல்ல, பரவாயில்ல. சுத்தமாத்தான் இருக்கு.”

“கழட்டுங்க.”

“உனக்கு எதுக்கு சிரமம்?”

“கழட்டுங்க,” என்றாள் மூன்றாம் முறையாக, ஊர்ப் பெண்ணுக்குரிய நிதானத்தோடு. அதற்கு மேல் மறுக்க லைலுக்கு வழியில்லை. குனிந்தான். கை முழங்காலுக்கு வந்து அங்கேயே நின்றது. கீழே போகவில்லை. கடைசியில் ஒரு காலால் இன்னொரு காலை மிதித்து, அந்த ரப்பர் பூட்ஸை உதறிக் கழற்றினான். நெற்றியில் வேர்த்துவிட்டது.

டார்லாவுக்குச் சுரீரென்றது. கோடை முழுக்க அவள் அந்த ரப்பர் பூட்ஸைக் கரித்துக்கொட்டியிருக்கிறாள். கடைக்கும் அது, கல்யாண வீட்டுக்கும் அது. மாட்டுக் கொட்டகையிலிருந்து நேரே வந்தவன் மாதிரி நிற்கிறாயே, மானம் போகிறது என்று ஜனங்களுக்கு முன்னாலேயே சொல்லியிருக்கிறாள். அவன் சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்தான். நாடா கட்டுகிற பூட்ஸைப் போட அவனால் குனிய முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. படுபாவி மனுஷன்.

“அவர் சொல்ல மாட்டாரு,” என்றாள் மாரித், டார்லா பக்கம் திரும்பி. “எங்க அப்பாவும் இதே ஆளுதான். நீங்க சொல்லுங்க.”

டார்லா சொன்னாள். நாற்காலித் தூக்கம், சாக்ஸ், காரில் ஏறும்போது கதவைப் பிடிக்கிற பிடி, பல்லைக் கடிக்கிற சத்தம், எல்லாவற்றையும் கொட்டினாள். மாரித் நடுவில் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பேஷண்ட்தான் சொல்ல வேண்டும் என்றும் சொல்லவில்லை. லைல் சுவரில் தொங்கிய எலும்புப் படத்தையே பார்த்துக்கொண்டு, யாரையோ பற்றிப் பேசுகிறார்கள் என்பதுபோல் உட்கார்ந்திருந்தான்.

அப்புறம் வாராவாரம் போனார்கள். மாரித் அவனை உட்கார வைத்தாள், எழ வைத்தாள், மரப்பெட்டி மேல் ஒரு காலைத் தூக்கி வைக்கச் சொன்னாள். ஆர்லென் சொன்னது பொய்யில்லை. ஆனால் பெட்டியின் உயரம் வாரத்துக்கு வாரம் ஏறியது. செப்டம்பர் கடைசியில் ஒரு காலை, டார்லா வீட்டுச் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தபோது லைல் மெஷின் ஏணியில் நின்றிருந்தான். ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் நின்று நின்று, மேலே போய்க் கதவைச் சாத்தினான். அடுப்பில் இருந்த முட்டையை அப்படியே விட்டுவிட்டு அவள் வெளியே ஓடவில்லை. அந்த ஊரில் அப்படி ஓட மாட்டார்கள். முட்டையைத் திருப்பிப் போட்டாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சோயா வீடு வந்து சேர்ந்தது. மக்காச்சோளம் பாதி முடிந்திருந்தபோது, பள்ளிக்கூட லீவு நாள் ஒன்றில் இன்சூரன்ஸிலிருந்து போன் வந்தது. மறுபரிசீலனையாம். டார்லாவுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. வலித்தபோது வேண்டாம் என்றான். இப்போது குணமான பிறகு வேண்டுமா என்று கேட்கிறார்கள். இரண்டு பேரும் கேட்பதற்காக லைல் போனை மேஜை மேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டான்.

“சார், இன்னும் சிகிச்சை தேவைப்படுதா?”

“எனக்கு வேணாம்மா. நான் ஏணி ஏறிட்டேன்,” என்றான் லைல். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டான். “ஆனா எம்பொண்டாட்டிக்கு ரெண்டு முழங்காலும் போச்சு. ரொம்ப நாளாச்சு. மாடிப்படிய உக்காந்து உக்காந்து எறங்குறா. நான் கொட்டகைக்குப் போயிட்டேன்னு நினைச்சுட்டு எறங்குறா. ராத்திரி ஐஸ் மாதிரி உறைஞ்ச பட்டாணிப் பொட்டலத்த முழங்கால்ல கட்டிட்டுப் படுக்கிறா. காலைல அது உருகிக் கெடக்கும், நான்தான் திருப்பி ஃப்ரிட்ஜ்ல வைக்கிறேன்.”

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி, அதில் மழை வராமல் இருந்தது அன்றைக்குத்தான்.

“அவங்களே சொல்லணும் சார். பக்கத்துல இருக்காங்களா?” என்றது போன். “மேடம், எப்படி இருக்கீங்க? உங்களுக்கு எதாவது சிகிச்சை வேணுமா?”

ஊருக்கே சண்டை போடுகிறவள், ஹெட்மாஸ்டரைப் பிடித்து உலுக்கியவள், வாயைத் திறந்தாள்.

“இல்ல, பரவாயில்ல. குறை சொல்றதுக்கு ஒண்ணுமில்ல.”

“சந்தோஷம் மேடம்,” என்று போன் அணைந்தது.

லைல் அவளையே பார்த்தான். “வேணாம்னா சொன்ன?” என்றான்.

டார்லா முகம் சிவந்துபோய், ஏற்கெனவே துடைத்த மேஜையை மறுபடியும் துடைத்தாள்.

அந்த வாரம் மாரித்திடம் காசு கட்டியிருந்த கடைசி ஒரு மணி நேரம். வாசலில் வண்டியை நிறுத்தியதும் லைல் முன்னால் போனான். போனவன் எப்போதும் டார்லா உட்கார்கிற நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டு, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தான்.

“இன்னிக்கு இவளுக்கு,” என்றான்.

“இவருக்குப் பைத்தியம்,” என்றாள் டார்லா. “இது உன் நேரம். இடுப்ப முழுசா சரி பண்ணிக்கோ. எனக்கு என்ன, நான் நல்லாத்தான் இருக்கேன்.”

“ஏறி உக்காருங்க டார்லா,” என்றாள் மாரித், கட்டிலைத் தட்டி.

“வேணாம். நல்லாத்தான் இருக்கேன்.”

“ஏறி உக்காருங்க.”

“உனக்கு எதுக்கு சிரமம்? எனக்கும் சேத்துக் குடுக்கக் காசும் இல்ல. திங்கக்கிழமை மறுபடி அதே தரையிலதான் நிக்கப் போறேன்.”

“நின்னுக்கோங்க. இப்ப ஏறி உக்காருங்க.”

மூன்று முறை ஆகிவிட்டது. டார்லா கட்டிலின் விளிம்பைப் பிடித்து ஏறி உட்கார்ந்தாள். ஏறும்போது அவள் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அதை மறைக்க இருமினாள், ஆனால் அந்த அறையில் யாரும் அதை நம்பவில்லை. மாரித் குனிந்து அவள் கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டினாள். முழங்கால் இரண்டும் வீங்கியிருந்தன.

“பத்துல எத்தனை?” என்றாள்.

டார்லாவின் வாயில் பழைய வார்த்தை தயாராக வந்து நின்றது. அதை விழுங்கினாள். விழுங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“ஏழு.”

“எட்டு,” என்றான் லைல், எலும்புப் படத்தைப் பார்த்தபடி.